சிப்பிப் பொத்தான் வைத்த மெத்தை

"அண்ணாச்சி, உங்க மக குயில் விக்காளாமே? எங்கன போய்ப் புடிக்கா?"

தெருமுனை டீக்கடைக்காரர் இப்படிக் கேட்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "குயில் இல்ல அண்ணாச்சி, குயில்ட்டு. பச்சப்பிள்ளையப் படுக்கவைக்க ஒட்டுத்துணியில தைக்கிற மெத்தை" என்றேன்.

"அப்ப கூவாத குயிலுன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் நான் சொல்ல வருவது சிரிப்பில் முடிகிற விஷயம் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் கோர்வை இருக்காது. என் மகனும் மகளும் வாசிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் வாசித்தாலும் சரிதான். நம் வயதில் எல்லாரிடமும் இப்படி ஒன்று வெளியே சொல்லாமல் கிடக்கும்.

மகள் எங்கள் வீட்டு முன்னறையில் மோட்டார் வைத்த தையல் மிஷினைப் போட்டு மூன்று வருஷமாகத் தைக்கிறாள். கதவுத்திரை, தலையணை உறை, சுவரில் மாட்டும் துணிப்பை எல்லாம் தைத்தாலும், அவளைத் தேடி ஆட்கள் வருவது குழந்தை மெத்தைக்குத்தான். போனில் படம் போடுகிறாள். பார்த்தவர்கள், எனக்கு இந்த நிறம், இந்தப் பூ என்று சொல்லித் தைக்கச் சொல்கிறார்கள். ஆணோ பெண்ணோ தெரியாது என்பதால் பெரும்பாலும் மஞ்சளும் பச்சையும்தான். நடுவில் ஒரு கட்டத்தை மட்டும் வெறும் வெள்ளையாக விட்டுவைப்பாள். நம் பக்கத்தில் பிறப்பதற்கு முன்னால் யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? பிள்ளை பிறந்து பெயரும் வைத்தபிறகு செய்தி வரும். அதற்குப்பின் அந்தக் கட்டத்தில் பெயரை நூலால் எழுதிக் கொடுப்பாள். அதுவரை மெத்தையை வாங்கிப்போகவும் மாட்டார்கள். "பொறந்த பொறவு எடுத்துக்கிடுதோம், உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்பார்கள்.

அதனால் எப்போது பார்த்தாலும் எங்கள் வீட்டு அலமாரியில், இன்னும் பிறக்காத பிள்ளைகளின் மெத்தைகள் மூன்று நான்கு இருக்கும். அந்த அறைக்குள் நான் போகமாட்டேன். மிஷின் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒவ்வொரு மெத்தையும் வீட்டைவிட்டுப் போனபிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

போன மாதம் மாப்பிள்ளையூரணியில் இருந்து மெத்தை சொல்லியிருந்த ஒரு பெண்ணுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவள் கணவர்தான் செய்தி அனுப்பினார். மெத்தை வேண்டாம், அதைப்பற்றி அவளிடம் பேசவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, இத என்ன செய்ய?"

"தூரப் போட்டுரு. வீட்டுல வச்சிருக்காத" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"யாரக் கேட்டுப் போட?"

"யாரையும் கேக்காண்டாம். போடு."

அவள் போடவில்லை. போனோடு உள்ளே போய்விட்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல என்னுடைய எட்டாவது வயதுக்குப் போகவேண்டும்.

அது மேற்கே இருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்கள். பள்ளிக்கூடம் திறந்த புதிது. காற்றில் உப்பும் மண்ணும் கலந்து வரும். கொடியில் காயப்போட்ட சட்டையை எடுத்தால் மொடமொடவென்று நிற்கும். அம்மாவுக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டு, கொற்கைப் பக்கம் இருந்த அவள் பிறந்த ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். படிப்பு கெடும் என்று என்னை அனுப்பவில்லை. அப்பாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். சமைத்துப்போட அப்பாவின் அக்கா, என் அத்தை, தினமும் அடுத்த தெருவில் இருந்து வந்து போவாள்.

அப்பாவுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கருப்பட்டிக் கிட்டங்கியில் வேலை. கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கி வைக்கிற பெரிய கூடம். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். கொஞ்ச நேரத்தில் சுவரில் எறும்பு வரிசை அந்தச் சட்டையைப் பார்த்து ஏறும். அவர் அதிகம் பேசமாட்டார். "சாப்பிட்டியாலே?" "சாப்பிட்டேன்." அதுதான் ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அம்மாவின் தையல் மிஷின் பழைய சேலை போர்த்தியபடி மூலையில் நிற்கும். மிஷினைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் பக்கத்தில் ஆணியில் தொங்கிய வெட்டுத்துணிப் பையைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா தெருவுக்கெல்லாம் தைத்ததில் மிஞ்சிய துண்டுகள் அதில் இருந்தன. அதைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். இது உப்பளக் கணக்கர் வீட்டு அக்காவின் கல்யாண ரவிக்கை. இது எதிர்வீட்டுத் திரை. இது என் அரைக்கால் சட்டை. இதைத் தைக்கும்போது அம்மா விரலில் ஊசி குத்திக்கொண்டாள். துணியைக் கையில் பிடித்தால் ஆள் கூட இருக்கிற மாதிரி இருக்கும்.

அப்படி இருந்த ஒரு நாளில்தான் பாப்பாவுக்கு ஒரு மெத்தை தைக்கலாம் என்று தோன்றியது. யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா தைப்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுதான். மேலே மூன்று, நடுவில் மூன்று, கீழே மூன்று என்று ஒன்பது துண்டுகளைக் கையூசியால் தைத்து இணைத்தேன். வீட்டில் ஊசியில் கோத்திருந்தது கறுப்பு நூல்தான். பல்லு பல்லாகத் தையல் விழுந்தது. அடிப்பக்கத்துக்கு அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு முழம்.

உள்ளே வைக்கப் பஞ்சு வேண்டுமே. நான் அம்மாவின் தலையணையில்தான் படுத்துக்கொண்டிருந்தேன். அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசம் அதில் இருக்கும். அந்தத் தலையணையின் வாயைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்தேன். பஞ்சு மூக்கில் ஏறித் தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெறும் உறையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தலையணை கிடையாது. அப்பா அதைக் கவனிக்கவில்லை.

கடைசியாக, அம்மாவின் பொத்தான் டப்பாவில் இருந்து ஒரு சிப்பிப் பொத்தானை எடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பினால் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் ரோஸ் என்று நிறம் ஓடும். அதை நடுத்துண்டில், அடிவரைக்கும் ஊசியை இறக்கி, பஞ்சு நகராதபடி இறுக்கித் தைத்தேன். பாப்பா கவிழ்ந்து படுத்தால் அதைப் பார்த்து விளையாடும் என்று நினைத்தேன்.

அத்தை தரை கூட்டும்போது நூல்துண்டுகள் விளக்குமாற்றில் சிக்கின.

"ஏலே, இங்கன யாரு தச்சது?"

"நான்தான் அத்த. கால்சட்டைப் பொத்தான் அந்துபோச்சு."

"ஆம்பளப்பய பொத்தான் தைக்கானாம், பாரேன்! நாளைக்கு ரவிக்கை தச்சுக் குடுப்ப போலுக்கே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நல்ல வேள, பொத்தானோட போச்சு. உங்கம்மைக்காரி வயித்துப்பிள்ளையோட இருக்கா. பொறக்காத பிள்ளைக்குன்னு ஊசியில நூலு கோக்கப்படாதுலே. கோத்தா தங்காது."

"எது தங்காது அத்த?"

"பிள்ளதாம்லே. வேற எது?"

அவள் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

யாரிடம் போய்ச் சொல்ல? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். தைத்ததால்தானே கெடுதல்? பிள்ளை பிறப்பதற்குள் எல்லாத் தையலையும் பிரித்துவிட்டால், தைக்காத மாதிரி ஆகிவிடும். அப்பாவின் சவர பிளேடில் பாதியை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தேன். தைப்பதைவிடப் பிரிப்பது கஷ்டம். இறுக்கித் தைத்திருந்தேன், பாப்பாவுக்கு நெடுநாள் உழைக்கவேண்டும் என்று. ஒரு நாளைக்கு ஒரு துண்டுதான் பிரிக்க முடிந்தது. அத்தை வரும் சத்தம் கேட்டால் மெத்தையைப் பள்ளிக்கூடப் பைக்குள் திணித்துவிடுவேன். நாளடைவில் அது பையிலேயே இருந்தது. வகுப்பில் வாத்தியார் பாடம் நடத்தும்போது, டெஸ்குக்கு அடியில் விரலால் தடவி, இன்னும் எத்தனை தையல் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

நான்கு துண்டுகளைப் பிரித்திருந்தேன். ஐந்து பாக்கி இருந்தது. அன்று மத்தியானம் அத்தை வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

பஸ்ஸில் அப்பா முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தை என்னை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். தங்கச்சி நேற்றுச் சாயங்காலம் பிறந்தாள், இன்று விடியக்காலம் இல்லை என்றாள். வெளியே வயல் பச்சையாகப் போய்க்கொண்டே இருந்தது. என் மடியில் பை.

அம்மா பிறந்த வீட்டுக்குள் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளையை யாரோ ஒரு பழைய சேலைக் கிழிசலில் வைத்திருந்தார்கள். அப்பா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கிட்டங்கியில் இருந்து நேரே வந்தவர். அந்தத் துண்டு முழுக்கக் கருப்பட்டி வாசம். அதில் சுற்றித் தூக்கினார். அப்போதுதான் அம்மா திரும்பி ஒரே ஒரு தடவை சத்தம் போட்டாள்.

"எம்பிள்ளைக்குன்னு ஒரு துணி இல்லியே! அவளுக்குன்னு ஒரு முழந்துணி இல்லாமலா கொண்டு போறிய?"

யார் தைத்து வைத்திருப்பார்கள்? தைக்கக்கூடாதே.

நான் கதவோரம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். "அதக் கீழ வையேம்லே, கை வலிக்கும்" என்றாள் அத்தை. வைக்கவில்லை. பக்கிள் ஒன்றைக் கழற்றினால் போதும், மெத்தை வெளியே வந்துவிடும். ஐந்து துண்டு மிச்சம் இருக்கிறது, பொத்தான் இருக்கிறது. ஆனால் எடுத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், பாப்பா ஏன் தங்கவில்லை என்று. அப்பா வாசலைத் தாண்டிப் போனார். நான் பையைத் திறக்கவில்லை.

அம்மா திரும்பி வருவதற்கு முந்தின நாள், பாய்க்கு அடியில் இருந்த உறையை எடுத்தேன். பஞ்சையெல்லாம் அதற்குள் திரும்பத் திணித்தேன். பிரித்த துண்டுகளையும், ஐந்து துண்டு மெத்தையையும், பொத்தானோடு அதற்குள்ளேயே வைத்தேன். ஒளித்துவைக்க எனக்கு வேறு இடம் தெரியவில்லை. தலையணையின் வாயைக் கறுப்பு நூலால் தைத்து மூடினேன்.

வந்த அன்றைக்கு அம்மா அதில் தலைவைத்துப் பார்த்து, "என்ன இது, கட்டி கட்டியா கெடக்கு" என்றாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பாயைச் சுருட்டும்போது பார்த்தேன். தலையணையின் வாயில் என் கறுப்பு நூல் இல்லை. வெள்ளை நூல். நெருக்கமான, நேரான, அம்மாவின் கைத்தையல்.

பிரித்துப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு மூடியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் என்று. எட்டு வயதில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அம்மா முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. அவளும் அந்த மாதங்களில் பேச்சைக் குறைத்துவிட்டாள். மிஷின் ஓடும், அப்பா வருவார், எறும்பு ஏறும், மூன்று பேரும் சாப்பிடுவோம். யாராவது கைப்பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கேட்டு வந்தால், "சின்னத் துணி எனக்குத் தைக்க வராது" என்று அனுப்பிவிடுவாள். ஒரு தடவை மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏய்யா, எங்கிட்ட எதும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லம்மா."

"சரிய்யா" என்றாள். எண்ணெயைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் வளர்ந்தேன், அதே கிட்டங்கியில் வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பாவும் அத்தையும் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா அந்தத் தலையணையை மாற்றவே இல்லை. என் மனைவி ரப்பர் தலையணை வாங்கிக் கொடுத்தாள். "எனக்கு இதுதாம்ளா சரிப்படும்" என்று சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் தலையணை தைத்துக் கொடுத்தவள், தன்னுடையதைக் கட்டியும் முட்டியுமாகவே வைத்துக்கொண்டாள். உறை நைந்தால் அதன் மேலேயே இன்னொரு உறை போடுவாள். கடைசி நாட்களில் கஞ்சி கொடுக்கத் தலையைத் தூக்கிப் பிடிக்கும்போது, பஞ்சுக்குள் சின்னதாக, வட்டமாக, கடினமாக ஒன்று என் விரலில் தட்டும். நான் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வேன். பாப்பா செத்து இத்தனை வருஷம் ஆனபிறகும் என்னை விடாத சாட்சி என்று நினைத்தேன். அம்மா போனபோது பாயோடு சேர்த்துத் தலையணையையும் போட்டுவிடுவதுதானே வழக்கம். நானே தூக்கிக் கொடுத்தேன். பாரம் இறங்கியது என்றுகூட அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது மாப்பிள்ளையூரணிக்கு வருகிறேன்.

இரண்டு நாள் கழித்து மகள் மெத்தையை மடித்துப் பையில் வைத்தாள். "அவிய வீட்டுக்காரரு சொன்னது சரிதான். ஆனா மெத்தை அந்தப் புள்ளையோடது. அவகிட்ட ஒரு வார்த்த கேக்காம நான் எப்படிப் போட?" என்றாள். "நீங்களும் வாங்க. எனக்குத் தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். மெத்தை என் மடியில். மூன்று வருஷத்தில் மகள் தைத்த ஒன்றைக் கையில் வைத்திருந்தது அன்றுதான். மஞ்சள் கட்டமும் பச்சைக் கட்டமும் மாறி மாறி. தையல் நேராக, நெருக்கமாக இருந்தது. என் அம்மாவின் கை.

அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். சின்னப் பெண். பெற்ற உடம்புக்குக் காற்று ஆகாது என்று காதில் பஞ்சு வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மகள், "உங்களுக்கு வேண்டாம்னா நான் திரும்பக் கொண்டு போயிருதேன். கேக்காம எதும் செய்யக்கூடாதுன்னுதான் வந்தேன்" என்றாள்.

அவள் கையை நீட்டினாள். நான்தான் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, நடுவில் இருந்த வெள்ளைக் கட்டத்தை உள்ளங்கையால் தடவினாள்.

"இதுல எதும் எழுதணுமா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாங்க்கா. அப்படியே இருக்கட்டும்." அதை நெஞ்சோடு மடித்துக்கொண்டாள். "தலமாட்டுல வச்சுக்கிடுதேன். எம்பிள்ளைக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்."

திரும்பும் வழியில் இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளைக் குவியல்களில் வெயில் பட்டுக் கண் கூசியது. காற்று எதிரே அடித்தது. தலைமாட்டில், தலைமாட்டில் என்று அந்தச் சொல்லே ஓடிக்கொண்டிருந்தது.

ஆகாதது என்று நினைத்திருந்தால் அம்மா அதைத் தூர எறிந்திருப்பாள். என் மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டியிருப்பாள். அவள் இரண்டும் செய்யவில்லை. பிள்ளைக்கு ஒரு முழந்துணி இல்லையே என்று கதறியவள், தன் தலையணைக்குள் அந்தத் துணியைக் கண்டெடுத்திருக்கிறாள். பார்த்து, நல்ல நூலால் மூடி, தன் ஆயுசு முழுக்க அதன்மேல் தலைவைத்துப் படுத்திருக்கிறாள். நான் சொல்வேன் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறாள். நான் ஒன்றுமில்லை என்றேன். ஒரே வீட்டில், ஒரே பொருளை வைத்துக்கொண்டு, அவள் ஒரு பக்கம் தனியாகவும் நான் ஒரு பக்கம் தனியாகவும் இருந்திருக்கிறோம்.

"சொல்லணும்மா" என்றேன். என்னை அறியாமல் வாய்விட்டு வந்துவிட்டது.

மகளை நான் எப்போதும் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவள் வண்டியை உப்பளத்து ஓரமாக நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

சொன்னேன்.